இறங்குவதற்கான ஏற்பாடு

வெள்ளிக்கிழமை நள்ளிரவை ஒட்டி மும்பையிலிருந்து கிளம்பும் கடைசி கசாரா லோக்கலில் இரண்டு வகைப் பயணிகள் இருப்பார்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. உறங்கிக்கொண்டே வருவார்கள்; தங்கள் ஸ்டேஷன் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கிப் போவார்கள். இன்னொரு வகையினர் முதுகுப் பைகளைக் கதவோரம் அடுக்கிவிட்டு, கடைசி ஸ்டேஷன்வரை பேசிக்கொண்டே போவார்கள். பேச்சு பெரும்பாலும் கோட்டைகளைப் பற்றியதாக இருக்கும். மகாராஷ்டிரத்தில் முன்னூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சஹ்யாத்ரி மலைகளின் தலையில். வார விடுமுறையில் ஏதாவது ஒரு கோட்டைக்கு ஏறிவிட்டு வருவது மும்பை, புனே நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு பழக்கமாகி இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது.

இந்தக் கோட்டைகளில் பல, செருப்புக் காலோடு குடும்பம் குடும்பமாக ஏறிவரக்கூடியவை. சில அப்படியல்ல. அந்தச் சிலவற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் மூன்று பெயர்களின் கூட்டு: அலங், மதன், குலங். நாசிக் மாவட்டத்தின் இகத்புரிக்குத் தெற்கே, மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய் (1,646 மீட்டர்) நிற்கும் அதே வரிசையில், ஒரே முகட்டின் மேல் அடுத்தடுத்து எழும் மூன்று கோட்டைகள் இவை. கோட்டிப் பக்கமிருந்து பார்த்தால் சுவர் வைத்துக் கட்டியதுபோலச் செங்குத்தாகத் தெரியும். எங்கே கால் வைப்பது என்று முதலில் புரியாது.

அப்படி ஆனதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது இயற்கை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்து உருவான நிலம் இது. கெட்டியான பாறை அடுக்கு செங்குத்தாக நிற்கிறது. இடையிலுள்ள மென்மையான அடுக்கு கரைந்து, குறுகிய விளிம்பாக மலையைச் சுற்றி ஓடுகிறது. எனவே இங்கே வழி என்பது, விளிம்பின் மேல் பக்கவாட்டில் நடப்பதும், ஓரிடத்தில் பாறையைப் பற்றி அடுத்த விளிம்புக்கு ஏறுவதுமாக மாறி மாறி வருகிறது. இரண்டாவது காரணம் மனிதர்கள். பழைய காலத்தில் இந்தப் பாறைகளில் படிகள் வெட்டப்பட்டிருந்தன. 1818இல் மராட்டியரைத் தோற்கடித்த ஆங்கிலேயர், இந்தப் பகுதியின் கோட்டைகள் மறுபடி எதிரிக்குப் புகலிடமாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் வழியை உடைத்துப் போட்டார்கள். அலங்கிலும் மதனிலும் படிகள் பாதியில் நின்றுபோகின்றன. விடுபட்ட இடத்தில் வெறும் பாறை. மதனில் அந்த இடைவெளி சுமார் நாற்பது அடி. கயிறு இல்லாமல் அதைக் கடப்பது அறிவீனம்.

இந்த முகட்டுக்குத்தான் ஒரு டிசம்பரில் போவதென்று மும்பையில் ஒன்பது பேர் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தது அக்டோபரில், தாதர் ஸ்டேஷன் அருகே ஒரு தேநீர்க் கடையில். ஒன்பது பேரில் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், மின்சாதனக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இருவர், தானேயில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் 26 வயதுப் பெண், வங்கி ஊழியர் ஒருவர். மற்ற மூவர் அவரவர் நண்பர்கள். ஒன்பதாவது ஆள்தான் குழுவின் மையம். ரயில்வேயில் கார்டாக முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 61. எல்லோருக்கும் அவர் காகா. மராட்டியில் காகா என்றால் சித்தப்பா. செம்பூரில் பிறந்து வளர்ந்த அந்த வங்கி ஊழியர்தான் குழுவில் ஒரே தமிழர். அவர் வீட்டில் "காகா அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார்" என்று ஆரம்பித்தாலே அவருடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாராம்.

காகா இந்த முகட்டுக்கு முன்பு இரண்டு முறை போனவர். இரண்டும் இளமையில். இம்முறை மற்ற எட்டு பேரையும் அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஆசையைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, அதன் அடியில் "மாலை 6.00, கிராமம்" என்று எழுதினார். டிசம்பரில் அந்தப் பக்கம் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். பகல் என்று கிடைப்பது பதினொரு மணி நேரம்தான். தாளின் மேல்பகுதி காலியாக இருந்தது. மலையேறுகிறவர்கள் வழக்கமாக எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் முதலில் பேசுவார்கள். காகா எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதில் ஆரம்பித்துப் பின்னோக்கி வந்தார். ரயிலோட்டிய கை.

திட்டம் இதுதான். சனிக்கிழமை காலை அடிவாரக் கிராமமான ஆம்பேவாடியிலிருந்து காட்டு வழியாக அலங்குக்கும் மதனுக்கும் இடையிலுள்ள கணவாய்க்கு ஏறுவது. ஒரு பக்கம் திரும்பி அலங்கின் உச்சிக்குப் போய் அங்குள்ள குகையில் இரவு தங்குவது. ஞாயிறு காலை அலங்கிலிருந்து கயிறு வழியே இறங்கி, கணவாயின் மறுபக்கம் போய் மதனில் ஏறிவிட்டுக் கிராமத்துக்குத் திரும்புவது. குலங்குக்குக் கயிறு வேண்டியதில்லை. மூச்சை வாங்கும் நீண்ட படிக்கட்டுதான். அதை வேறொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு தாளில் இப்படி இறங்கியது, அல்லது ஏறியது. மதன் பாறையின் அடியிலிருந்து கிராமத்துக்கு இறங்க இரண்டரை மணி நேரம். ஆகவே 3.30க்குக் கடைசி ஆள் பாறையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஒருவரைக் கயிற்றில் இறக்க 10 நிமிடம். ஒன்பது பேருக்கு 90 நிமிடம். ஆகவே 2 மணிக்கு முதல் ஆள் இறங்கத் தொடங்க வேண்டும். உச்சியிலிருந்து அங்கே வர 20 நிமிடம், உச்சியில் அரை மணி நேரம், பாறைக்கு மேல் உச்சிவரை ஏற அரை மணி நேரம். அதற்கு முன்பு ஒன்பது பேரையும் கயிற்றில் ஏற்ற இன்னொரு 90 நிமிடம். வழிகாட்டி கயிறு கட்டும் நேரம் தனி. மற்றவர்கள் தண்ணீர் குடிப்பதற்குள் அவர் அதை முடித்துவிடுவார். கூட்டிக் கழித்தால் 11.10. அதற்குள் மதன் பாறையின் அடியை எட்டாவிட்டால், ஏறாமல் திரும்ப வேண்டும்.

அந்தத் தாளில் குழுவினர் முதன்முறையாகக் கவனித்த விஷயம், பாறையின் கடினமோ உயரமோ அல்ல. ஆள் ஒருவர் கூடினால் போக 10 நிமிடம், வர 10 நிமிடம் என்று 20 நிமிடம் பகலிலிருந்து கழிகிறது. இதே ஒற்றைக் கயிற்றுக்கு முப்பது பேரை அழைத்துப் போனால், ஒருவரும் தடுமாறாமல், ஒருவரும் அழாமல், புகைப்படம் எடுக்காமல் போய் வந்தாலும், அந்த நாற்பது அடியிலேயே 10 மணி நேரம் போய்விடும். பகலோ 11 மணி நேரம். இரண்டு கயிறு போட்டால் பாதியாகும், உண்மைதான். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பெரிய கூட்டமாக அழைத்துப் போகிறவர்கள் கூறும் "பாதுகாப்பான மலையேற்றம்" என்ற வாசகத்துக்குப் பின்னால் இந்த வகுத்தல் கணக்கு போடப்பட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காகாவின் குழு பத்தாவது ஆளாக வர ஆசைப்பட்ட ஒரு நண்பரை அன்றே மறுத்தது. அவர் கோபித்துக்கொண்டார்.

மற்ற ஏற்பாடுகள் வேகமாக முடிந்தன. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் இடுப்புயரப் புல்லில் விளிம்புப் பாதை மறைந்திருக்கும், மண்ணும் ஈரமாக இருக்கும். கோடையில் வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும். ஆகவே டிசம்பர். மேலே பாறையில் வெட்டிய பழைய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. அந்த நீரைத் துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டுக் குடிக்கலாம். ஆனாலும் கிளம்பும்போது ஆளுக்கு நான்கு லிட்டர். அது நான்கு கிலோ என்பதை முதல் ஏற்றத்தில் முதுகு தெரிந்துகொள்ளும். மலைத்தேனீ கூடு கட்டும் பாறைகள் என்பதால் வாசனைத் திரவியம் பூசக் கூடாது. பாறைக்கு அடியில் தீ மூட்டக் கூடாது. மேலே நடப்பவர் கால் பட்டுக் கல் உருளும் என்பதால் எல்லோருக்கும் ஹெல்மெட்.

நடக்கும் வரிசையிலும் ஒரு முறை உண்டு. மெதுவாக நடப்பவர் வழக்கமாகக் கடைசியில் வருவார். முன்னால் போனவர்கள் நின்று இளைப்பாறுவார்கள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டார், கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காத ஏற்பாடு இது. காகாவின் வரிசையில் மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவது ஆள். அவர் நடையே எல்லோருடைய நடை. வேகக்காரர்களுக்கு இது பெரிய தண்டனை. மின்சாதனக் கடைச் சகோதரர்களில் இளையவர் இதை எதிர்த்துக் கொஞ்சம் வாதாடினார்.

ஆம்பேவாடிக்கு நவம்பர் ஆரம்பத்தில் காகாவும் விரிவுரையாளரும் ஒரு நாள் போய்வந்தார்கள். மகாதேவ் கோலி பழங்குடி மக்கள் வாழும் பகுதி. நெல்லும் கொஞ்சம் வரகு, கேழ்வரகும் விளையும். மற்ற மாதங்களில் பிழைப்பு தேடி வெளியே போக வேண்டும். மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதும், பாக்ரியும் பிட்லாவும் சமைத்துப் போடுவதும் இப்போது வருமானத்தில் ஒரு பங்கு. யாராவது மேலே சிக்கிக்கொண்டால் இரவில் முதலில் ஏறிப் போவதும் இவர்கள்தான். மகாராஷ்டிரத்தில் மலையேற்றக்காரர்களே தொண்டாக நடத்தும் மீட்புக் குழுக்கள் இருக்கின்றன; நல்ல பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அவர்கள் ஊரிலிருந்து வந்து சேரும்வரை காயப்பட்டவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கிராமத்து ஆள். நகரத்தில் போடும் திட்டங்களில் இந்த ஆளுக்கு வரி எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. "உள்ளூர் வழிகாட்டி" என்று செலவுக் கணக்கில் மட்டும் வருவார்.

காகா தன் தாளை வழிகாட்டியிடம் படித்துக் காட்டினார். வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். நேரங்களையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "திரும்ப வேண்டும் என்று நான் சொன்னால் திரும்புவீர்களா? போன மாதம் வந்தவர்கள், நான் சொன்னதற்கு, 'பணம் கொடுத்திருக்கிறோம்' என்றார்கள்." அவர் கேட்டுக்கொண்டபடி தாளின் ஓரத்தில் ஒரு வரி சேர்ந்தது. வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம். கூலி முழுவதும் உண்டு.

திரும்ப வேண்டிய நேரத்தை ஊரிலேயே எழுதிவைப்பது கோழைத்தனமாகச் சிலருக்குப் படலாம். அது ஏன் தேவை என்பதற்குச் சாட்சி உலகத்திலேயே உயரமான மலையில் இருக்கிறது. 1996 மே 10 அன்று இந்திய-திபெத் எல்லைக் காவல் படையின் ஆறு வீரர்கள் எவரெஸ்ட்டின் வடகிழக்கு முகட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வானிலை கெட்டது. மூவர் திரும்பினார்கள். மற்ற மூவர், சேவாங் சமன்லா, டோர்ஜே மோருப், சேவாங் பல்ஜோர், தொடர்ந்து ஏறினார்கள். உச்சியை எட்டிவிட்டதாக வாக்கிடாக்கியில் செய்தி வந்தது. அவர்கள் வரவில்லை. மலையின் தெற்குப் பக்கத்தில் அதே நாள் ஏறிய குழுக்களிலும் பிற்பகல் 2 மணி தாண்டியும் உச்சியை நோக்கி நடந்தவர்கள் இருந்தார்கள். இரு பக்கமும் சேர்த்து அந்தப் புயலில் இறந்தவர்கள் 8 பேர். பயிற்சி இல்லாதவர்கள் அல்ல. பலர் அந்தத் தொழிலில் தலைசிறந்தவர்கள்.

தாழ்வான மலைகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது அதன் பிறகுதான். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டில் சஹஸ்ர தால் ஏரிப் பக்கம் போன 22 பேர் குழு பனிப் புயலில் மாட்டிக்கொண்டது. 9 பேர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. தீ வேறு, பனி வேறு. ஆனால் மேலே போன பிறகு, களைத்த உடம்போடு, செலவழித்த பணமும் எடுத்த விடுப்பும் நினைவில் நிற்க, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு எப்போதுமே முன்னால் போகத்தான் சொல்லும். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போது மனிதனுக்குக் கொஞ்சம் நிதானம் இருக்கிறது. அதை எழுதி எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

நவம்பர் கடைசியில் ஒத்திகைக்காக ஒன்பது பேரும் திரியம்பகப் பக்கத்திலுள்ள ஹரிஹர் கோட்டைக்குப் போனார்கள். செங்குத்தான பாறையில் ஏணிபோல வெட்டிய படிகளும், கை பற்றிக்கொள்ள ஒவ்வொரு படியிலும் குடைந்த குழிகளும் அங்கே இன்னும் சேதமில்லாமல் இருக்கின்றன. ஏறும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தது. காகா பெரும்பாலான இளைஞர்களைவிடச் சுத்தமாக ஏறினார். எந்தக் குழியில் கை, எந்தக் குழியில் கால் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இறங்கும்போதுதான் வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் இறங்க வேண்டிய வழியில் அவருக்கு 27 நிமிடம் கூடுதலாக ஆயிற்று. மற்றவர்கள் கீழே காத்திருந்தார்கள். வந்ததும், "என்ன, தேநீர் சொல்லவில்லையா?" என்று கேட்டார். யாரும் எதுவும் பேசவில்லை.

நேரம் குறிக்கும் பொறுப்பு கணக்கு எழுதும் பெண்ணிடம் இருந்தது. அன்றிரவு அவள் அந்த 27 நிமிடத்தைத் தாளுக்குக் கொண்டுபோனாள். அதே விகிதத்தில் பார்த்தால், மதனிலிருந்து கிராமத்துக்கு இரண்டரை மணி நேரம் என்பது மூன்றேகால் ஆகும். மெதுவாக நடப்பவர் நடையே எல்லோருடைய நடை என்பதால், திரும்பும் நேரம் 11.10 அல்ல, 10.25. ஞாயிறு காலை அலங்கில் 7 மணிக்கு வெளிச்சம் வந்ததும் இறங்க ஆரம்பித்தாலும், ஆளுக்கு 15 நிமிடம் வீதம் ஒன்பது பேர் இறங்கி, கணவாயைத் தாண்டி மதன் பாறைக்கு வர 10.30 ஆகிவிடும். எல்லாம் சரியாக நடந்தால்கூட ஐந்து நிமிடம் தாமதம். காகா இல்லாமல் எட்டு பேர் என்றால் 10.15க்கு வந்துவிடலாம், 11.30வரை அவகாசம் இருக்கும்.

அவள் இரண்டு நாள் அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை. பிறகு விரிவுரையாளரிடம் மட்டும் காட்டினாள். அவர், "மதனை விட்டுவிடலாமே" என்றார். தமிழ் வங்கி ஊழியரும் அதையே சொன்னார். அது எளிய வழியாகத் தோன்றியது. ஆனால் காகா போக விரும்பியதே மதனுக்காக. அதை விட்டுவிட்டால், தன் முழங்காலுக்காகத்தான் விட்டார்கள் என்பதை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஒன்றும் சொல்லாமல், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுவது.

அடுத்த சந்திப்பில் அவள் தாளை மேஜையில் வைத்து, "காகா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபாருங்கள்" என்றாள். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகப் படித்தார். ஒருமுறை பென்சிலால் ஒரு கூட்டலைச் சரிபார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது. "நான் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மற்றவர்கள் பதில் சொல்லுமுன் தானே கையை அசைத்து அதைத் தள்ளினார். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தேநீருக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான்கு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். கிராமத்தில் இருக்கப் போவதாகச் சொன்னார். குழு போகும் நேரமும் இறங்கும் நேரமும் எழுதிய ஒரு பிரதி அவரிடம் இருக்கும். ஞாயிறு மாலை 7 மணிக்குள் ஆள் வரவில்லையென்றால், வழிகாட்டியின் தம்பியை மேலே அனுப்புவது, மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்வது, எல்லோருடைய வீட்டுக்கும் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வது அவர் வேலை. இத்தனை வருடத்தில் அவர்கள் போன எந்தப் பயணத்திலும் அப்படி ஒரு ஆளை நிறுத்தியதில்லை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் பட்டது.

டிசம்பரில் எட்டு பேர் ஏறினார்கள். சனிக்கிழமை திட்டப்படியே போயிற்று. அலங்கின் தட்டையான உச்சியிலிருந்து, மாலை வெயிலில் ஒரு பக்கம் கல்சுபாயும் எதிரே மதனும் தெரிந்தன. ஞாயிறு காலை, கயிறு கட்டும் இடத்துக்கு அவர்கள் வந்தபோது, அங்கே புனேயிலிருந்து வந்த பெரிய குழு ஒன்று ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 7 மணிக்கு இறங்க வேண்டிய முதல் ஆள் 8.40க்கு இறங்கினார். மதன் பாறையின் அடிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி 11.55.

வானம் துல்லியமாக இருந்தது. யாருக்கும் களைப்பில்லை. நாற்பது அடிப் பாறை கண்ணெதிரே. "இருபத்தைந்து நிமிடம்தானே, உச்சியில் உட்காராமல் இறங்கிவிடலாம்" என்றார் சகோதரர்களில் இளையவர். அது நியாயமான பேச்சு, கணக்குப்படியும் சாத்தியம். இன்னும் இருவர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். பெண் தாளை எடுக்கவில்லை. "காகாவுக்குச் சொன்னோமே" என்றாள். காகாவைக் கணக்கைக் காட்டிக் கிராமத்தில் உட்கார வைத்துவிட்டு, தங்களுக்கென்று வரும்போது அதே கணக்கைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் கேள்வி. வழிகாட்டி எதுவும் பேசாமல் கயிற்றை மறுபடி சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

இரண்டரை மணிக்கெல்லாம் அவர்கள் கிராமத்தில் இருந்தார்கள். சூரியன் நடுவானை விட்டு அதிகம் சாயவில்லை. இன்னும் மூன்றரை மணி நேரம் வெளிச்சம் பாக்கி. வழிகாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாக்ரி தின்றபடி, ஏறாமல் வந்த மதனை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எந்தப் புயலும் வரவில்லை. கல் எதுவும் உருளவில்லை. மலையேற்றத்தில் சரியான முடிவுக்கு இருக்கும் பெரிய சங்கடம் இது. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. திரும்பி வந்தவன் கையில், அநாவசியமாகத் திரும்பிவிட்டோமோ என்ற சந்தேகம் மட்டுமே மிஞ்சுகிறது. இளைய சகோதரர் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். ரயிலில் கல்யாண்வரை அந்தச் சண்டை நடந்தது. இன்றும் முழுதாகத் தீரவில்லை.

காகா சண்டையில் கலந்துகொள்ளவில்லை. திரும்பி வந்தது சரிதான் என்று பாராட்டவும் இல்லை. அலங்கில் கடைசி ஆள் கயிற்றை விட்டது எத்தனை மணிக்கு என்று கேட்டார். 10.40 என்றாள் பெண். அப்படியானால் ஆளுக்கு 15 நிமிடம் என்று போட்டது சரிதான், ஆனால் வேறு குழு இருந்தால் என்ன செய்வது என்பதற்குத் தாளில் இடமே விடவில்லை, அது தவறு என்று குறித்துக்கொண்டார். அடுத்த முறை சனி, ஞாயிறு வேண்டாம். ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துச் செவ்வாய், புதன் போகலாம். எட்டு பேர் அதிகம், ஆறு போதும்.

யார் அந்த ஆறு பேர் என்பது இன்னும் முடிவாகவில்லை. கிராமத்தில் தங்கப் போவது யார் என்பது மட்டும் முடிவாகிவிட்டது. புதிய தாளின் அடியில் "மாலை 6.00, கிராமம்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் காகா தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார்.